நெடுவேலுக்கு ஒரு மத்தியானம்

நெடுவேல் செத்துப்போன ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியில் கச்சான் காற்று விடாமல் வீசிக்கொண்டிருந்தது. உப்பளத்துத் தூசியை அள்ளிக்கொண்டு வந்து, கொடியில் காயப்போட்ட துணிகளின் மேலும், கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளங்களின் மேலும், கஸ்பார் மச்சாதுவின் மக்ரூன் கடை மாடி ஜன்னல் கம்பிகளின் மேலும் வெள்ளையாகப் பூசிவிட்டுப் போனது. அந்த மாடியறையில் நாலு பேர் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கடையில் கூட்டம் கலைந்து, மீன்குழம்புச் சாப்பாடும் ஆன பிறகு அவர்கள் அங்கே கூடுவது தெருவுக்கே தெரிந்த சங்கதி.

ஆட்டம் இதுதான். கஸ்பார் ஒரு நாட்டைச் சொல்லுவான். அதற்கு உவர்நாடு என்று பெயர். மற்ற மூவரும் அந்த நாட்டில் ஆளுக்கொரு ஆளாக நடப்பார்கள். கதவு வந்தால் திறப்பதா வேண்டாமா என்று அவர்கள் சொல்லுவார்கள், திறந்தால் உள்ளே என்ன இருந்தது என்று கஸ்பார் சொல்லுவான். சண்டை என்று வந்துவிட்டால் மட்டும் யாருடைய வாய்ச்சொல்லும் செல்லாது. இருபது முகமுள்ள பகடை உருண்டு நிற்கிற எண்தான் யாருக்கு அடி, யாருக்கு உயிர் என்று சொல்லும். எதிரிக்கு எவ்வளவு பலம் வைப்பது என்பது கஸ்பாரின் பொறுப்பு. கூட்டி வைத்தால் ஆட்கள் சாவார்கள், குறைத்து வைத்தால் சண்டையில் உப்புச்சப்பு இருக்காது. மக்ரூனுக்கு முட்டை வெள்ளையை அடிக்கிற பதம் மாதிரிதான் அதுவும், கொஞ்சம் பிசகினால் இறங்கிவிடும் என்பான் அவன்.

இந்த ஆட்டத்தையும் பகடைகளையும் கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தவன் பெலிக்ஸ் கொரேரா. கஸ்பாரோடு ஒரே பெஞ்சில் படித்தவன், மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப் போகும் தோணியில் இஞ்சின் பார்த்தவன். குள்ளம், முன்வழுக்கை, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் நாக்குத் திக்கும். ஆனால் ஆட்டத்துக்காக அவன் உண்டாக்கிய நெடுவேலோ நிலைப்படியில் குனியாமல் நுழைய முடியாத உயரம். இடது கன்னத்தில் தீக்காயம், முதுகை எட்டும் ஒற்றைச் சடை, கையில் ஈட்டி. நெடுவேலாகப் பேசும்போது பெலிக்ஸுக்குத் திக்கவே திக்காது.

ஒரு நடை பெலிக்ஸ் போன தோணி திரும்பி வரவில்லை. தேடிப் போனவர்களுக்கு ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. தோணியில் போன மற்றவர்களின் வீடுகளில் அழுது, மணியடித்து, பூசை வைத்து, மெல்ல மெல்ல அடுப்புப் பற்றவைத்தார்கள். பெலிக்ஸின் தாய் கபிரியேலம்மாள் மட்டும் வாசலில் நின்று, "உடம்பக் காட்டாம எவனும் எம் பிள்ளை செத்தாம்னு சொல்லக்கூடாது," என்று சொல்லிவிட்டாள். அதனால் அந்த வீட்டில் அழுகை எழவில்லை. அவனுடைய சட்டைகளைச் வாரந்தோறும் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தார்கள். அவன் பெண்டாட்டி அமலி, தாலி கழற்றாமல், கறுப்பு உடுத்தாமல், கல்யாண வீட்டுக்கும் போக முடியாமல் இழவு வீட்டுக்கும் போக முடியாமல் இருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மக்ரூன் கடை மாடியேறி வந்து, பெலிக்ஸின் காலி நாற்காலியில் உட்கார்ந்து, "நெடுவேலுக்கு இனி நான் பேசுறேன்," என்றாள். கஸ்பார் பெலிக்ஸின் பகடையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அன்றிலிருந்து வருஷக்கணக்காக நெடுவேலுக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. கஸ்பார் தன் முன்னால் ஒரு மக்ரூன் அட்டைப்பெட்டியை நிறுத்தி வைத்து அதன் மறைவில்தான் எதிரிகளுக்கான பகடையை உருட்டுவான். பகடை என்ன சொன்னாலும் எட்டிப் பார்த்துவிட்டு, "தப்பிச்சான்," என்பான். உப்பு லாரி ஓட்டும் சுடலைமணிக்கும் அது தெரியும், காயல்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வரும் கடிகாரக்கடை மொகுதூமுக்கும் தெரியும். அமலிக்கும் தெரியும் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அவள் கையை நீட்டி அட்டைப்பெட்டியை எடுத்து, மடக்கி, தன் காலடியில் போட்டுக்கொண்டாள்.

"என்ன அமலி?"

"இனி வெளியில உருட்டுங்கண்ணே. எல்லாரும் பாக்கட்டும்."

"அது சரிப்பட்டு வராது. நான் இந்தச் சண்டைக்குப் பலம் கூட்டி வச்சிருக்கேன். பெட்டி இருக்குங்கிற தைரியத்துல வச்சது."

"வச்சது வச்சபடி இருக்கட்டும்." அவள் குரல் உயரவில்லை. "மீன்காரி என்னைக் கண்டா ரெண்டு மீன் கூடப் போடுறா. ரேஷன் கடையில எனக்கு மட்டும் வரிசை கிடையாது. எதுக்க வாறவங்க பேச்ச நிறுத்திட்டுச் சிரிக்கிறாங்க. ஊரே எங்கிட்ட ஏமாத்தித்தான் விளையாடுது. இங்கயாவது எனக்கு நிசமா உருட்டுங்க."

கஸ்பார் மற்ற இருவரையும் பார்த்தான். அவர்கள் மேசையைப் பார்த்தார்கள்.

கதை அன்றைக்குச் சிறையாற்றுப் பாலத்தில் வந்து நின்றிருந்தது. பின்னால் உவர்நாட்டுச் சனம், பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டும் ஆடுகளை இழுத்துக்கொண்டும், அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஆற்றிலிருந்து உப்புப் பூதம் எழுந்து வந்தது. வெயில் பட்ட இடமெல்லாம் அதன் உடம்பு பளபளத்தது, அது தொட்ட மரக்கட்டைகள் வெளுத்து நொறுங்கின. சுடலைமணியின் ஆள் முதல் அடியிலேயே ஈட்டியைப் போட்டுவிட்டு விழுந்தான். மொகுதூமின் ஆள் அவனை இழுத்துக்கொண்டு பின்வாங்கினான்.

"இது நம்மால ஆகாத சண்டை அமலி," என்றான் மொகுதூம். "ஓடிருவோம். ஓடுறதும் ஆட்டந்தான்."

"சனம் இன்னும் கரையேறலையே காக்கா." மொகுதூமை அவள் அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

நெடுவேல் பாலத்தின் நடுவில் நின்றான். அமலி உருட்டினாள், ஈட்டி பூதத்தின் தோளில் இறங்கியது. கஸ்பார் உருட்டினான், எல்லோரும் பார்க்கப் பகடை நின்றது, நெடுவேலின் விலா முறிந்தது. அவள் மறுபடி உருட்டினாள், மறுபடி அவன் உருட்டினான். இப்படியே ஜன்னல் வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறும்வரை உருட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கஸ்பார் தன் கையிலிருந்து பகடை போன பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டான். கடைசியாக அது உருண்டு, தேநீர்க் கிளாசில் முட்டி, நின்றது. எண்ணை நாலு பேரும் பார்த்தார்கள். அப்போதும் அவன் நினைத்திருந்தால் மயக்கம்தான் என்று சொல்லியிருக்கலாம், சொல்லுகிறவன் அவன்தானே. அவன் அமலியைப் பார்த்தான். அவள் தலையை லேசாக ஆட்டி வேண்டாம் என்றாள்.

"பூதத்தோட கை நெஞ்சுல இறங்குது," என்றான் கஸ்பார். "நெடுவேல் விழுந்துட்டான். எந்திரிக்கல."

"சனம்?"

"கரையேறிட்டாவ. எல்லாரும்."

"சரி," என்றாள் அமலி.

அவர்கள் தலை நிமிர்ந்தபோது மேசையின் மேல் நெடுவேல் கிடந்தான். மேசை நீளம் போதாமல் கால்கள் முழங்காலுக்குக் கீழே வெளியே தொங்கின. சடை தரையைத் தொட்டது. கன்னத்துத் தீக்காயத்தில் உப்பு படிந்திருந்தது. சுடலைமணி எழுந்து, யார் வீட்டுச் சாவிலும் செய்கிற மாதிரி, முதல் காரியமாகக் கண்களை மூடிவிட்டான். மொகுதூம் தன் கைக்குட்டையால் தாடையைக் கட்டினான். கஸ்பார் கீழே போய்க் கடைக் கதவை இறக்கினான். மக்ரூன் வாங்க நின்றிருந்த பெண் என்னவென்று கேட்டாள்.

"மாடியில ஒரு சாவு."

"யாரு?"

"நெடுவேல்."

அவள் வாயில் கையை வைத்தாள். அவளுக்கு நெடுவேலைத் தெரிந்திருந்தது. வருஷக்கணக்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்த ஜன்னல் வழியாகத் தெருவில் விழுந்த கதைதானே. அவள் வழியாகச் சேதி மணல் தெருவுக்குப் போனது, அங்கிருந்து வலை பின்னுகிற கொட்டகைக்குப் போனது, கொஞ்ச நேரத்தில் வாடகைக்கடைக்காரன் கேட்காமலே நாற்காலிகளையும் ஒரு பந்தலையும் கொண்டுவந்து இறக்கினான். மாடிப்படி குறுகலாக இருந்ததால் வள்ளம் இழுக்கிற கயிறு கொண்டுவந்து, எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து ஜன்னல் சட்டத்தைக் கழற்றி, உடம்பை மெதுவாகத் தெருவுக்கு இறக்கினார்கள். பெரிய மீனை இறக்கும்போது போடுகிற ஏலேலோச் சத்தத்தை யாரும் போடவில்லை.

போலீசிலிருந்து ஓர் உதவி ஆய்வாளர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இறந்தவனுக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டார்.

"நான் சொன்ன ஊரு சார்," என்றான் கஸ்பார்.

"எப்படிச் செத்தான்?"

"சனத்தக் கரையேத்திட்டு நின்னான். பூதம் அடிச்சிட்டு."

"பார்த்த சாட்சி?"

சுடலைமணியும் மொகுதூமும் கை தூக்கினார்கள். ஆய்வாளர் நெடுவேலின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கஸ்பாரிடம் திரும்பினார். "அப்ப இவனுக்கு நீதான் சொந்தக்காரன். நேரத்தோட எடுத்துருங்க, பொழுது சாயுது," என்று சொல்லிவிட்டு, பந்தலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார்.

எங்கே புதைப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது. நெடுவேலுக்கு ஞானஸ்நானம் உண்டா என்று மாதா கோவிலில் மணியடிக்கும் கோவில்பிள்ளை கேட்டார். அவன் ஆறு கடக்கும்போதெல்லாம் ஒரு கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கடப்பான், ஆகவே எங்கள் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்றான் சுடலைமணி. எங்கள் பள்ளிவாசலில் கேட்டால் இடம் தருவார்கள் என்றான் மொகுதூம். பங்குச்சாமியார் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கல்லறைத் தோட்டத்தின் கீழ்மூலையில் கடல் கொண்டுவந்து போடுகிற முகம் தெரியாத உடம்புகளுக்கென்று இடம் இருப்பதாகவும், அங்கே படுத்திருக்கிற யாரிடமும் இதுவரை எந்தச் சாமி என்று கேட்டதில்லை என்றும் சொன்னார். அத்தோடு பேச்சு நின்றது.

உடம்பைக் கழுவுகிற வேலையை அமலி யாரிடமும் விடவில்லை. பாயால் மறைத்த இடத்தில், பக்கத்து வீட்டுப் பெண்கள் தண்ணீர் மொண்டு ஊற்ற, அவள் கால் விரல் நகத்திலிருந்து காது மடல்வரை துடைத்தாள். துடைக்கவில்லை, தேடினாள் என்று அந்தப் பெண்கள் பிறகு கஸ்பாரிடம் சொன்னார்கள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாளாம். முதுகைத் திருப்பிப் பார்த்தாளாம். பெலிக்ஸுக்கு வலது முழங்கையில் இஞ்சின் சுட்ட தழும்பு உண்டு, பிடரியில் மச்சம் உண்டு. இவனுக்கு இரண்டும் இல்லை. வெளியே வந்தவளின் சேலை முழுக்க நனைந்திருந்தது.

"அவிய இல்லண்ணே," என்றாள். "எங்கயுமே இல்ல. இது நெடுவேல் மட்டுந்தான்." பிறகு பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு, நெடுவேலின் பெயரைச் சொல்லி, அடிவயிற்றிலிருந்து அழுதாள். அவள் அழுது அந்தத் தெரு பார்த்ததில்லை. அவளைச் சுற்றி உட்கார்ந்து மற்றப் பெண்களும் அழுதார்கள். யாரை நினைத்து அழுகிறோம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

கபிரியேலம்மாளும் வந்தாள். கூட்டம் வழிவிட்டது. கிழவி சவப்பெட்டியருகில் நின்று, கீழிருந்து மேலாக அந்த நீண்ட உடம்பைப் பார்த்து, "இது எம் பிள்ளை இல்ல," என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள். அன்றைக்கும் அவள் சட்டைகளுக்குக் கஞ்சி காய்ச்சினாள்.

பெட்டியைத் தூக்குகிற நேரத்தில் உப்பளச் சாலைப் பக்கமிருந்து உவர்நாட்டுச் சனம் வந்து சேர்ந்தது. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டும் ஆடுகளை இழுத்துக்கொண்டும், கால்களெல்லாம் உப்பு வெள்ளையாக, நடந்தே வந்தார்கள். தெருக்காரர்கள் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், ஆடுகளைக் கட்ட இடம் கொடுத்தார்கள், அடக்கம் முடிந்து வந்ததும் வலைக்கொட்டகையில் இலை போட்டுச் சோறும் பருப்பும் பரிமாறினார்கள். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் கவிழ்த்துப் போட்ட வள்ளங்களுக்கு அடியில் ஓடி ஒளிந்து விளையாடின. சொந்தக்காரன் என்ற முறையில் கஸ்பார் பந்தி விசாரித்துக்கொண்டு போனான். அத்தனை முகமும் அவன் வாயிலிருந்து வந்தவை. பல முகங்களை அவன் சரியாகச் சொல்லியிருக்கவே இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தான்.

பந்தியின் ஓரத்தில் ஒரு பெண் சாப்பிடாமல் இருந்தாள். சிறையாற்றில் படகு விடுகிறவள்.

"சோறு வைக்கட்டுமாம்மா?"

"போதும்யா." அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரை ஒத்தை வரியில முடிச்சிட்டீங்க. 'படகுக்காரன் போன மழையில செத்துட்டான், பெண்டாட்டிதான் இப்ப படகு விடுறா'ன்னு. அம்புட்டுத்தான். எப்படிச் செத்தாரு, பக்கத்துல யாரு இருந்தா, ஒண்ணுமே கிடையாது. நெடுவேலுக்கு ஒரு மத்தியானம் முழுசாக் கொடுத்திருக்கீங்க. கரையில நின்னு நாங்க அத்தன பேரும் பாத்தோம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவனைச் சுட்டது. "அவரு பேரு என்னம்மா?" என்று கேட்டான்.

"நீங்கதான் வைக்கலையே."

கஸ்பார் கரண்டியைச் சோற்றுக்குள் வைத்தான். பின்னால் அமலி தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். அவள் காதிலும் அது விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உவர்நாட்டுக்காரர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஜன்னல் சட்டத்தைத் திரும்பப் பொருத்தியிருந்தார்கள். சுடலைமணியும் மொகுதூமும் வந்து உட்கார்ந்தும் பகடையை யாரும் தொடவில்லை. அமலி வந்தாள்.

"அண்ணே, அவியளுக்கும் ஒரு மத்தியானம் சொல்லுங்க."

அவள் தன் புருஷனைத்தான் சொல்லுகிறாள் என்று கஸ்பாருக்குப் புரிந்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியாதே அமலி. யாருக்குமே தெரியாது."

"தெரியாததத்தானே இத்தன வருசமாச் சொல்லிட்டு இருந்தீங்க."

அவன் பகடையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். பிறகு, "கடலுக்கு எவ்வளவு பலம் வைக்க?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டான்.

"கடலுக்கு உள்ளது எவ்வளவோ, அவ்வளவு," என்றான் மொகுதூம்.

கஸ்பார் தோணியைச் சொன்னான். வெங்காய மூட்டைகளின் வாசனையைச் சொன்னான், காற்று திரும்பியதைச் சொன்னான், தோணியைச் செலுத்தும் தண்டல் பாயை இறக்கச் சொல்லிக் கத்தியதைச் சொன்னான். அமலி பெலிக்ஸாகப் பேசினாள். அத்தனை வருஷத்தில் நெடுவேலாக மட்டுமே பேசியவள் முதல்முறையாகத் தன் புருஷனாகப் பேசினாள், பேசும்போது அவனைப் போலவே திக்கினாள். "நா... நா... நான் கீழ போய் இஞ்சினப் பாக்குறேன்," என்றாள். சுடலைமணி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் உருட்டினாள், நின்றுபோன இஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. மாடியறையில் நாலு பேரும் ஒரு நிமிஷம் ஊர் திரும்பிவிடலாம் என்று நம்பினார்கள். கஸ்பார் உருட்டினான், அடிப்பலகை விட்டது. முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர். அவள் உருட்டினாள், பெலிக்ஸ் ஒரு பையனைத் தூக்கி மேல்தட்டில் போட்டான். அவள் உருட்டினாள், ஒரு பீப்பாய் கைக்கு அகப்பட்டது. அவள் உருட்டினாள், வழுக்கியது. கஸ்பார் எதையும் கூட்டவில்லை, எதையும் குறைக்கவில்லை. வியர்வை வழிந்து கண்ணுக்குள் போனபோதும் துடைக்காமல் சொல்லிக்கொண்டே போனான், கடைசிப் பகடை நிற்கும்வரை.

"போயிட்டான் அமலி," என்றான்.

அவர்கள் தலை நிமிர்ந்தார்கள். மேசையின் மேல் ஒன்றுமில்லை. பகடைகளும் தேநீர்க் கிளாஸ்களும் மட்டும் இருந்தன. சுடலைமணி கீழே போய்க் கடைக்குள் பார்த்தான். கடற்கரைவரை ஓடி அலையோரம் முழுக்கப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க மாடியேறி வந்து, இல்லை என்று தலையாட்டினான். கதையில் பிறந்தவனின் உடம்பைப் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொடுத்தது, ஒரு தாய் பெற்றவனின் உடம்பை இந்த மத்தியானம் கொடுக்கவில்லை.

அமலி வெறும் மேசையின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"வலிச்சிருக்குமாண்ணே?"

இல்லை என்று சொல்ல கஸ்பாரின் நாக்கு எழுந்தது. அவன் அதை அடக்கினான். "வலிச்சிருக்கும். கொஞ்ச நேரம்."

அவள் தலையசைத்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கஸ்பார் கூடவே போனான். முதலில் அவர்கள் பங்குச்சாமியாரின் பங்களாவுக்குப் போய் அவரைப் பார்த்துப் பேசினார்கள், பிறகு பெலிக்ஸின் வீடு இருக்கிற மணல் தெருவுக்குப் போனார்கள். கபிரியேலம்மாள் முற்றத்தில் கொடியிலிருந்து காய்ந்த சட்டைகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமி," என்றாள் அமலி. "நாளைக்குப் பூசைக்குச் சொல்லிட்டு வந்திருக்கேன். மணியும் அடிக்கச் சொல்லிட்டேன்."

"யாருக்கு?"

"உங்க மவனுக்கு."

கிழவி அசையவில்லை. காற்று அவள் தோளிலிருந்த சட்டையின் கையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் அமலியைப் பார்த்தாள், பின்னால் தலைகுனிந்து நின்ற கஸ்பாரைப் பார்த்தாள். கொடியில் மிச்சமிருந்த ஒரு சட்டையை எடுக்கக் கையைத் தூக்கினாள். கை கொடிவரை எட்டவில்லை, பாதியிலேயே இறங்கியது.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.